எந்தச் செங்கல் சுமக்கிறது, எந்தச் செங்கல் மினுக்குகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகர் வீடுகளில் செங்கலுக்கு மூன்று வேலை. கூரையையும் மேல்மாடியையும் சுமப்பது ஒன்று. மழையை வெளியே நிறுத்துவது இன்னொன்று. பார்க்க லட்சணமாக நிற்பது மூன்றாவது. ஒரே சுவர் மூன்றையும் செய்யலாம். ஒன்றை மட்டும் செய்துகொண்டு மற்ற இரண்டையும் செய்வதுபோல் நடிக்கவும் செய்யலாம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம் பக்கத்து வீடுகளில் வரும் வெடிப்பு, ஈர ஓதம், சரிவு இவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இந்த ஆள்மாறாட்டம்தான் இருக்கும். வெறும் தடுப்பு என்று நினைத்து இடித்த சுவர் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கும். பூசுவதற்கென்றே சுட்ட மலிவுக் கல்லை, “அப்படியே விட்டால் ஒரு நாட்டுப்புற அழகு” என்று பூசாமல் விட்டிருப்பார்கள்.

கல்லின் அளவு

தென்னாப்பிரிக்காவில் வழக்கமான களிமண் செங்கல் 222 மி.மீ. நீளம், 106 மி.மீ. அகலம், 73 மி.மீ. உயரம். இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி நடுவில் 10 மி.மீ. சாந்து வைத்தால் மொத்த அகலம் 222. அதாவது சரியாக ஒரு கல்லின் நீளம். இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் இரண்டு வரிசைச் சுவரின் குறுக்கே ஒரு கல்லைப் போட்டு இரண்டையும் தைக்க முடிகிறது. ஒற்றை வரிசையாக எழும்பும் 106 மி.மீ. சுவர் அரைக்கல் சுவர். இரட்டை வரிசையாக எழும்பும் 222 மி.மீ. சுவர் ஒருகல் சுவர்.

சாந்தையும் சேர்த்தால் சுவரின் முகத்தில் ஒரு கல் பிடிக்கும் இடம் 232-க்கு 83 மி.மீ. ஆகவே ஒரு சதுர மீட்டர் அரைக்கல் சுவருக்கு 52 கல், ஒருகல் சுவருக்கு 104 கல். 12 வரி, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக 12 கல், ஏறினால் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கொத்தனாரின் கணக்கையும் நீங்களே சரிபார்க்கலாம்.

அளவு ஒன்றாக இருந்தாலும் கல் ஒன்றல்ல. எஸ்ஏஎன்எஸ் 227 என்ற தேசியத் தரக்குறிப்பு சுட்ட செங்கலை இரண்டு பெரிய குடும்பமாகப் பிரிக்கிறது: பூசாமல் முகம் காட்டி நிற்கும் ஃபேஸ் பிரிக், பூச்சுக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும் சாதாரணக் கல். ஃபேஸ் பிரிக்கிலும் எஃப்பிஎஸ் என்பது பொது ரகம். எஃப்பிஎக்ஸ் அளவிலும் நிறத்திலும் ஒரே சீரானது. எஃப்பிஏ வேண்டுமென்றே கரடுமுரடாக, நிறம் மாறி மாறிச் சுட்டது. பூச்சுக் கல்லில் என்எஃப்பி என்பது உலர்ந்த இடத்துக்கும் பூச்சுக்கு உள்ளேயும் வைப்பதற்கு. என்எஃப்எக்ஸ் ஈரமும் உப்பும் தாங்கும், அஸ்திவாரத்துக்கு ஏற்றது. என்எஃப்பி கல்லைப் பூசாமல் விட்டால் மழையைக் குடிக்கும். கடற்காற்றின் உப்பு கல்லுக்குள் போய்ப் படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளும். மெரிபேங்க், இசிபிங்கோ போன்ற கடற்கரைப் பக்கத்தில் இதைச் சுவரிலேயே பார்க்கலாம்: விரலால் தடவினால் செம்மண் தூள் கையோடு வரும்.

இந்த ஊரில் செங்கல் நேற்று வந்ததல்ல. டர்பனில் பிரிக்ஃபீல்ட் ரோடு என்று ஒரு தெருவே உண்டு. செங்கல் செய்யும் கோரோபிரிக் நிறுவனத்தின் வேர் 1902-இல் இருக்கிறது. தென் அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய செங்கல் கட்டடம் என்று சொல்லப்படும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர மண்டபம், 1898-இல் தீயில் அழிந்து 1901-இல் மறுபடி எழுந்தது.

சுமக்கும் சுவர்

செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு சுவரின் தலையில் கனமான பாரம் ஏற்றினாலும் நேராகக் கீழே இறங்கும்வரை பெரும்பாலும் கவலையில்லை. பக்கத்திலிருந்து தள்ளினாலோ, நடுவில் வளைத்தாலோ சாந்து மூட்டு பிளந்துவிடும். செங்கல் கட்டுமானத்தின் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தவை.

மேல் வரியின் செங்குத்து மூட்டு கீழ் வரியின் செங்குத்து மூட்டுக்கு நேர் மேலே வரக் கூடாது என்பது அவற்றில் முதலாவது. ஒரு கல் தன் பாரத்தைக் கீழே இரண்டு கல்லுக்குப் பங்கு போடுகிறது. அந்த இரண்டும் மூன்றுக்குக் கொடுக்கின்றன. பாரம் இப்படி விரிந்துகொண்டே போய் அஸ்திவாரத்தில் பரவலாக இறங்கும். மூட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி நின்றால் சுவர், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒல்லித் தூண்களின் கூட்டம்தான். இன்றைய நாகரிக வீடுகளில் வேண்டுமென்றே மூட்டுகளை நேராக அடுக்கிக் கட்டுகிறார்கள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அலங்காரம். வரிகளுக்கு நடுவே கம்பிவலை வைத்து, பின்னால் வேறு சுவர் தாங்கினால்தான் நிற்கும்.

ஒரு சுவர் சுமக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தடிமனை மட்டும் நம்பக் கூடாது. கூரைக்குள் ஏறி மரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அடித்துக் கொண்டுவந்த முக்கோணச் சட்டங்கள் பெரும்பாலும் வெளிச்சுவரிலிருந்து எதிர் வெளிச்சுவருக்குத் தாவும். பழைய வீடுகளில் கைமரமும் உத்திரமும் போட்ட கூரை நடுச்சுவரிலும் சாய்ந்திருக்கும். அங்கே 106 மி.மீ. சுவரும் பாரம் தாங்கும். கல்யாணத்துக்கு முன் கூடத்தைப் பெரிதாக்கலாம் என்று கிளம்பும் வீடுகளில் முதல் சம்மட்டி அடிக்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும். 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டட விதிச் சட்டப்படி இப்படிப்பட்ட மாற்றத்துக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடமும் தேவை. அது இல்லாத வீட்டை விற்கப் போகும்போது தலைவலி ஆரம்பமாகும்.

ஜன்னல், கதவுக்கு மேலே பாரத்தைத் தாண்டிக் கடத்துவது லிண்டல். இங்கே கடையில் கிடைக்கும் ஒல்லியான, முன்னமே இறுக்கிய கம்பி உள்ள சிமெண்ட் லிண்டல் தனியாக ஒன்றும் பெரிதாகச் சுமக்காது. அதற்கு மேலே கட்டும் சில வரிச் செங்கலும் சாந்தும் அதோடு ஒட்டிக் காய்ந்த பிறகே இரண்டும் சேர்ந்து ஓர் உத்திரமாகின்றன. அதனால் இரு முனையிலும் குறைந்தது 150 மி.மீ. சுவரில் உட்கார வேண்டும். அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் அந்த முட்டுகளை எடுக்கக் கூடாது. “லிண்டல்தான் சிமெண்டாச்சே, முட்டு எதற்கு?” என்று கேட்கும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய ஜன்னலின் மூலைகளில் சாய்ந்த வெடிப்பு பதில் சொல்லும்.

சுவர் கூரையைத் தாங்குவது மட்டுமல்ல, பிடித்தும் வைக்கிறது. புயல்காற்று கூரையை மேலே உறிஞ்சும். அதற்காகத் துத்தநாகம் பூசிய பட்டையையோ 4 மி.மீ. கம்பியையோ சுவருக்குள் புதைத்து மரத்தோடு கட்டுகிறார்கள். ஓட்டுக்கூரை கனமானது, 300 மி.மீ. ஆழம் போதும். தகரக்கூரை லேசானது, 600 மி.மீ. ஆழம் வேண்டும். லேசான கூரைக்குத்தான் ஆழமான பிடி.

விளக்கு மாடம் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காமாட்சி விளக்குக்குச் சுவரைக் குடைந்து மாடம் வைக்க ஆசைப்படும் வீடுகள் நம்மிடம் நிறைய. 222 மி.மீ. சுவரில் அரைக்கல் ஆழத்துக்கு மாடம் விடலாம், கட்டும்போதே விட்டு மேலே சின்ன லிண்டல் போட்டால். 106 மி.மீ. சுவரில் குடைந்தால் மிஞ்சுவது அந்த அரைக்கல்லிலும் பாதி, அதுவும் உளி அடியில் தளர்ந்தது. அங்கே சுவருக்கு வெளியே ஒரு கருங்கல் பலகையை நீட்டுவதே மேல். மின்குழாய்க்கும் இதே கணக்கு உண்டு: செங்குத்துக் காடி, அதாவது குழாய் புதைக்க வெட்டும் பள்ளம், சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 106 மி.மீ. சுவரில் படுக்கைக் காடி 17 மி.மீ.தான். குழாயே அதைவிடத் தடிமன்.

மழையைத் தடுக்கும் சுவர்

டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை, பெரும்பகுதி கோடையில், காற்றோடு சாய்ந்து அடிப்பது. செங்கல் சுவர் மழையை முழுசாக மறுப்பதில்லை. கொஞ்சம் குடிக்கும், வெயிலில் திருப்பிக் கொடுக்கும். குடிப்பது உள்முகத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

நல்ல வழி இடைவெளிச் சுவர். இரண்டு அரைக்கல் சுவர்கள், நடுவில் 50 மி.மீ. வெற்றிடம், அங்கங்கே கம்பிக் கொக்கிகளால் பிணைத்தது. வெளிச்சுவரைக் கடந்த நீர் வெற்றிடத்தில் வழிந்து கீழே போய், வெளிச்சுவரின் அடிவரியில் சாந்து வைக்காமல் விட்ட செங்குத்து மூட்டுகள் வழியே வெளியேறும். ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்று வீதம் விட்ட இந்த ஓட்டைகளைப் பார்த்தால் வேலை அரைகுறை மாதிரித் தெரியும். தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிக்க வருபவர்கள் நல்ல எண்ணத்தோடு பட்டி வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் உள்ளே கட்டில் பக்கத்துச் சுவர் கறுக்க ஆரம்பிக்கும். கட்டும்போதே வரும் இன்னொரு கோளாறு, வெற்றிடத்தில் உதிரும் சாந்து கொக்கியின் மேல் குவிந்து, நீர் உள்ளே நடந்து வரப் பாலமாவது. வெற்றிடத்தில் ஒரு மரச்சட்டத்தைத் தொங்கவிட்டு, சில வரிக்கு ஒருமுறை அதைத் தூக்கிச் சாந்தை எடுத்தால் போதும்.

கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு 375 மைக்ரான் பிளாஸ்டிக் தாள். வெளித் தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. உயரத்தில், சுவரின் முழு அகலத்துக்கும், இரு பக்கமும் சாந்துக்கு நடுவே, ஒட்டும் இடத்தில் 150 மி.மீ. மேலடுக்கோடு. தாள் கெட்டுப்போய் ஓதம் வருவது அபூர்வம். முற்றத்தை உயர்த்தி, கார் நிறுத்தக் கல் பதித்து, பூந்தொட்டிக்கு மண் அணைத்து, தாளுக்கு மேலே தரையைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அடிக்கடி நடப்பது.

மினுக்கும் செங்கல்

அலங்காரம் என்றதும் விலையுயர்ந்த கல்லைத்தான் நினைக்கிறோம். ஆனால் சுவரின் முகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சாந்துதான். மேலே சொன்ன அளவை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே சிவப்புக் கல் வெள்ளைச் சாந்தில் துள்ளும், சாம்பல் சாந்தில் அடங்கும், சிவப்புச் சாந்தில் ஒரே பாளமாகத் தெரியும். முதல் லோடு மணலும் கடைசி லோடு மணலும் வேறு வேறு ஆற்றிலிருந்து வந்தால் வீட்டின் நடுவில் ஒரு கோடு விழும், அதை எந்த அமிலமும் போக்காது. கல்லிலும் அப்படித்தான். சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது கறுக்கும், தள்ளி இருந்தது வெளுக்கும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு அடுக்கிலிருந்து கலந்து எடுத்துக் கட்டினால் சுவர் திட்டுத்திட்டாகாது.

மூட்டின் வடிவம் அழகுக்கும் காப்புக்கும் நடுவில் நிற்கிறது. உருண்டைக் கம்பியால் அழுத்தி உள்வளைவாக இழுத்த மூட்டு, சாந்தின் முகத்தை இறுக்கி நீரை வழியவிடும். 10 மி.மீ. ஆழம் சுரண்டி எடுத்த மூட்டு நல்ல நிழல் தரும், ஒவ்வொரு வரியிலும் நீருக்குத் திண்ணையும் கட்டிக் கொடுக்கும். சாய்மழை அடிக்கும் தென்முகச் சுவரில் அதை வைக்கச் சொல்லும் கட்டடக் கலைஞரிடம் எதிர்த்துப் பேசலாம்.

கல்லை வைக்கும் வாட்டத்தை மாற்றியே பல வித்தை காட்டலாம். எல்லாக் கல்லும் நீளவாட்டில் கிடப்பது இங்கே எங்கும் காணும் எளிய கட்டு. ஒரு வரி முழுவதும் நீளவாட்டு, அடுத்த வரி முழுவதும் குறுக்குவாட்டு என்றால் இங்கிலீஷ் கட்டு. ஒரே வரியில் நீளம், குறுக்கு, நீளம் என்று மாறினால் பிளெமிஷ் கட்டு. இந்த இரண்டும் ஒருகல் சுவரை உண்மையாகவே தைப்பவை, அழகு அதன் உபரி. அரைக்கல் சுவரில் பிளெமிஷ் கட்டு தெரிந்தால் கல்லைப் பாதியாக உடைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜன்னலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் கல் வரிசை பெரிய நடிகன். தாங்குவதுபோல் தோன்றும், ஒன்றையும் தாங்குவதில்லை. பின்னால் மறைந்திருக்கும் லிண்டலோ கோண இரும்போ அதையும் சேர்த்துச் சுமக்கிறது. ஜன்னல் திட்டில் ஒருக்களித்து வைத்த கல் வரிசையோ உழைப்பாளி. வெளிப்பக்கம் சரிவாக, சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி நின்றால் நீரைச் சுவரில் படாமல் சொட்டவிடும். மட்டமாக வைத்தால் அது வெறும் மேடைதான், நீர் உள்ளே திரும்பும்.

வரிக்கு வரி கல்லை வெளியே நீட்டி, கோயில் கூரை விளிம்பான கபோதம் மாதிரி எழுப்பும் வேலையை இந்த நாட்டுத் தமிழர் அறிவார்கள். கிஷ்டப்ப ரெட்டி போன்ற கோயில் கட்டுநர்கள் செங்கல்லை நீட்டி உருக்கொடுத்து, அதன்மேல் சுதை வேலை செய்தார்கள். வண்ணம் பூசிய சிற்பத்துக்கு உள்ளே எலும்பாக நிற்பது செங்கல்தான். வீட்டில் செய்தால் ஒரு வரிக்குக் கால் கல், அதாவது சுமார் 50 மி.மீ., அதற்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டிய கல்லின் வாலில் மேல்வரியின் பாரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முன்வாசல் திண்ணையான ஸ்டூப்பில் வளைவு வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உண்மையான செங்கல் வளைவு பாரத்தைக் கீழே மட்டும் அனுப்பாது, பக்கவாட்டிலும் உதைக்கும். வரிசையாக மூன்று வளைவு இருந்தால் நடுத்தூண்களில் உதை ஒன்றையொன்று அடக்கிவிடும். கடைசித் தூண்தான் வெளியே சாயும். அதைத் தடிமனாக்குங்கள், அல்லது வீட்டுச் சுவரோடு பிணையுங்கள்.

ஓர் எல்லைச் சுவரின் கணக்கு

10 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், ஒருகல் தடிமன். 18 சதுர மீட்டருக்கு 104 வீதம் 1,872 கல். உடைசலுக்குச் சேர்த்து 2,000 வாங்கலாம். சாந்துக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்குக் கட்டுமணல் 3 வீல்பேரோ, அதாவது ஏறக்குறைய 200 லிட்டர். கரண்டியில் வழுவழுவென்று நிற்க 40 லிட்டர்வரை சுண்ணாம்பு சேர்க்கலாம். இந்தச் சுவருக்கு 6 மூட்டையும் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் மணலும் ஆகும். வழுக்கலுக்காகப் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றும் பழக்கம் உண்டு. அது சாந்துக்குள் காற்றுக்குமிழை அடைத்து வலுவைத் தின்னும். கடற்கரை மணல் கூடவே கூடாது. கலந்த சாந்தை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இறுகியதில் தண்ணீர் தெளித்துக் கிளறினால் பார்க்க உயிர் வந்ததுபோல் இருக்கும், பிடி வராது.

வைக்கும் முறை இது. இரு முனையிலும் மூலையைச் சில வரி உயர்த்தி, நடுவே நூல் கட்டுகிறார்கள். நூலுக்குக் கீழே சாந்தைப் பரப்பி, கல்லின் தலைப்பில் முழுசாகச் சாந்து அப்பி, பக்கத்துக் கல்லோடு நெருக்கி அமுக்குகிறார்கள். கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு, பிதுங்கியதைக் கரண்டி முனையால் ஒரே இழுப்பில் வெட்டல். கல் நூலைத் தொடக் கூடாது, ஒரு மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். கல்லில் குழி இருந்தால் குழி மேலே. கவிழ்த்து வைத்தால் வேகம் கூடும், குழி காலியாகவே இருந்துவிடும். தலைப்பில் விளிம்புக்கு மட்டும் பொட்டு வைப்பதுபோல் சாந்து தொட்டு வைப்பவரை அப்போதே நிறுத்துங்கள், மழை அந்த வழியாகத்தான் வரும். பெருவிரலால் அழுத்தினால் தடம் பதியும், ஆனால் சாந்து விரலில் ஒட்டாது. அந்தப் பதத்தில்தான் சாந்து மூட்டுகளை இழுக்க வேண்டும். வெயில் நாளில் களிமண் கல்லை லேசாக நனைக்கலாம். சிமெண்ட் கல்லை நனைக்கக் கூடாது, அது பிறகு காய்ந்து சுருங்கிச் சுவரை வெடிக்க வைக்கும்.

களிமண் கல் இதற்கு நேர்மாறு. சூளையிலிருந்து வந்த நாள் முதல் காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல மெல்ல வீங்கும், திரும்பச் சுருங்காது. அதற்காகக் களிமண் சுவரில் சுமார் 10 மீட்டருக்கு ஒரு முறை மேலிருந்து கீழ்வரை இடைவெளி விட்டு, மெத்தென்ற நுரையும் மேலே ரப்பர்ப் பசையும் அடைக்கிறார்கள். சிமெண்ட் கல்லுக்கு இன்னும் நெருக்கமாக விட வேண்டும். எல்லைச் சுவரின் அடியில் பிளாஸ்டிக் தாள் வைக்காதீர்கள். வீட்டுச் சுவரைக் கூரை அமுக்கிப் பிடிக்கிறது, எல்லைச் சுவருக்கு அந்தப் பாரம் இல்லை. காற்று தள்ளும்போது சுவர் தாளின் மேல் வழுக்கிச் சாயும். அடிவரிகளுக்கு நீர் குடிக்காத கடினக் கல்லே போதும்.

சாட்ஸ்வர்த் சரிவுகளில் இந்தச் சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்புவது இன்னொரு ஆள்மாறாட்டம். நிற்கக் கட்டிய சுவர் மண்ணைத் தாங்காது. நனைந்த மண்ணை அறவே தாங்காது. மண் தாங்கும் சுவருக்குப் பின்னால் சல்லி, அடியில் நீர் வெளியேறக் குழாய், பொறியாளரின் கணக்கு மூன்றும் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தக் குவாசூலு-நடால் மாகாணத்தின் சரிவுகள் எப்படி இறங்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வெடிப்பைப் படிப்பது

படிக்கட்டு மாதிரி மூட்டு வழியே ஏறும் வெடிப்பு நிலம் இறங்குவதைச் சொல்கிறது. டர்பனில் ‘பெரியா’ என்று அழைக்கும் செம்மணல் காய்ந்திருக்கும்வரை கெட்டியாக நிற்கும், நனைந்தால் குலையும். ஆகவே முதலில் உடைந்த சாக்கடைக் குழாயையும் கூரை நீர் விழும் இடத்தையும் தேடுங்கள். நீளச் சுவரில் நேர்க்குத்தான ஒற்றை வெடிப்பு வந்தால், விடாமல்போன இடைவெளியைச் சுவர் தானே எடுத்துக்கொண்டது. கடற்கரைப் பக்கம் சில வரிக்கு ஒரு முறை படுக்கைவாட்டில் வெடித்தால் உள்ளே வைத்த கம்பியோ கொக்கியோ துருப்பிடித்து வீங்குகிறது. அங்கே துத்தநாகப் பூச்சு நிற்காது, துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்க வேண்டும். புதுச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயமில்லை. உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் கரைந்து உள்ளே போய்த் திரும்பப் பூக்கும்.

வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழைக்காலம் ஒன்று, வறட்சிக்காலம் ஒன்று கடந்தபின் கோட்டைத் தாண்டாமல் நின்றால் அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். தாண்டியிருந்தால் பெயிண்டருக்குப் பதில் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அந்தத் தேதிகளைத்தான் அவர் முதலில் கேட்பார்.